தாமத அறிவிப்பு

முப்பத்தொரு வருடம்
ப்லோவ்திவ் ரயில் நிலையத்தில்
கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த குரல் நான்.
கார்லோவோ வண்டி நாற்பது நிமிடம் தாமதம்.
புர்காஸ் வண்டி இன்று மூன்றாம் நடைமேடையில்.
பனியால் பாதை அடைப்பு, எப்போது திறக்கும், தெரியவில்லை.
தெரியவில்லை என்பதையும்
மைக்கில் சொல்லியிருக்கிறேன்,
இரண்டு முறை, நிறுத்தி.
திட்டுவார்கள்.
திட்டி முடித்துப் பெட்டியின் மேல் உட்கார்ந்து
சூரியகாந்தி விதை கொறிக்க ஆரம்பிப்பார்கள்.

இங்கே நான்காம் மாடியில்
நெத்யால்கா என்று யாரும் கூப்பிடுவதில்லை.
நான் ஜன்னலோரப் பித்தப்பை.
பக்கத்துக் கட்டில் பென்கா, கதவோரக் குடலிறக்கம்.

திங்கள் இரவு முதல் பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது என்றார்கள்.
செவ்வாய் காலை எட்டு. பத்து. ஒன்று.
சூப் வண்டி என்னைக் கடந்து போனது,
நிற்காத விரைவு வண்டி மாதிரி,
தயிரும் சதகுப்பையும் மணக்க.
மூன்றரைக்கு ஒருத்தி எட்டிப் பார்த்துக் கேட்டாள்:
"இன்னும் ஏன் நீங்கள் சாப்பிடவில்லை?"

மாலையில் டாக்டர் கால்செவ் வந்தார்,
பின்னால் ஆறு பேர்.
கால்மாட்டில் நின்று
ஸ்கேன் தாளை வெளிச்சத்தில் பிடித்து
என் வயிற்றைப் பற்றி
என் வயிற்றுக்கு மேலாகப் பேசிக்கொண்டார்கள்,
பாதி லத்தீன், பாதி அவசரம்.
நிழல் என்ற ஒரு சொல் மட்டும்
தவறிப் போர்வையில் விழுந்தது.
பொறுக்கி வைத்துக்கொண்டேன்.

கடைசியாகப் போனவன் படிக்க வந்த பையன்.
லீட்ஸ் ஊர்க்காரனாம். சட்டைப்பையில் ஃபெர்கஸ்.
கையைப் பிடித்து நிறுத்தி
"புற்றா?" என்றேன்.
இடமும் வலமுமாகத் தலையை ஆட்டினான்,
நன்றாக, பலமாக.
அப்புறம் சிரித்தான்.

சிரிப்பைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

புதன்.
வார்னாவிலிருந்து மகன் பேசினான். இரவுப் பணிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.
சாப்பாடு பரவாயில்லை என்றேன்.
பென்காவிடம், என் பூனையை எடுத்துக்கொள்வாயா என்று கேட்டேன்.
நெடுநேரம் யோசித்து, ரோமம் தனக்கு ஆகாது என்றாள்.
வியாழன் இரவெல்லாம்
தாழ்வாரத்தில் ஒரு சக்கரம் கிறீச்சிட்டு வரும்,
வரும்,
வேறு அறைக்குள் திரும்பிவிடும்.
என்ன வண்டி, யாருக்கு,
ஒரு வார்த்தை அறிவிக்கக் கூடாதா.

வெள்ளிக்கிழமை ரத்தம் எடுக்க அவனே வந்தான்.
ஊசி ஏறும்போது கேட்டேன்:
"எத்தனை மாதம் தாங்கும், என் புற்று?"
திடுக்கிட்டு, எங்கள் மொழியில், உடைத்து உடைத்து,
"இல்லை, இல்லை" என்றான்.
தலை ஆடியது, இடமும் வலமும்.
வாய் இல்லை என்கிறது,
கழுத்து ஆமாம் என்கிறது.
எங்கள் நாட்டில் ஆமாமுக்குத்தான் அப்படி ஆட்டுவோம்,
பேச்சு வருமுன்பே கழுத்து படித்துவிடுகிற பாடம்.
எதை நம்ப?

நான் பார்த்த பார்வையில் அவனுக்கு உறைத்தது.
காது மடல்வரை சிவந்து
ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு
இரண்டு கையாலும் தன் தலையை
அசையாமல் பிடித்துக்கொண்டான்,
கழன்று விழப்போகிற பூசணிக்காயைப் பிடிப்பதுபோல.
"இல்லை. கல். இரண்டு கல். நிழல், கல்லுடைய நிழல்."

மூன்று நாள் செத்திருந்தேன்.
அதற்கு யாரைத் திட்டுவது?
பென்கா சுவர்ப் பக்கம் திரும்பிச்
சிரிக்கிறாளா அழுகிறாளா தெரியவில்லை.

"சரி, அறுவை எப்போது?"
கதவைப் பார்த்தான், தாளைப் பார்த்தான்.
தலையை இன்னும் விடவில்லை.
"தெரியவில்லை" என்றான்.
இன்னொரு முறையும் சொன்னான்.

அந்த மாடியில் ஐந்து நாளில்
எனக்கென்று சொல்லப்பட்ட முதல் அறிவிப்பு.
தலையணையை நிமிர்த்தி உட்கார்ந்தேன்.
பென்கா, உன்னிடம் விதை இருக்கிறதா?
பொட்டலத்தை நீட்டினாள்.
உள்ளங்கையில் வைத்துக்கொண்டு இருக்கிறேன்.
நான் சாப்பிடலாமா
என்று யாரைக் கேட்க?